சென்னையில் கடை திறக்கும் முன்: உள்ளாட்சி விதிகள் உங்கள் செலவை எங்கே ஏற்றுகின்றன

புதிதாகக் கடை போடுபவர் எழுதும் பட்ஜெட்டில் அட்வான்ஸ், வாடகை, உள்வேலை, சரக்கு, சம்பளம் எல்லாம் வரிசையாக இருக்கும். கடைசியில் ‘லைசென்ஸ் வகையறா’ என்று ஒரு வரி, அதற்கு நேரே குத்துமதிப்பாக ஒரு தொகை. சின்னக் கடைக்கு உரிமக் கட்டணங்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் தாங்கக்கூடிய தொகைதான் வரும். பெரிய பணம் வேறு இரண்டு வழிகளில் போகிறது: எடுத்த கட்டடத்தின் காகிதங்கள் கடைக்குப் பொருந்தாமல் போவது ஒன்று, அதைச் சரிசெய்ய அலையும் மாதங்களில் பூட்டிய ஷட்டருக்கு வாடகை கட்டுவது இன்னொன்று.

ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முந்தைய வாரத்திலிருந்து தொடங்குவோம். உதாரணத்துக்கு 400 சதுர அடியில் ஒரு டிபன் கடை. சாப்பாட்டுத் தொழில்தான் எல்லா அலுவலகப் படிகளையும் மிதிக்கும். துணிக்கடை, செல்போன் கடை வைப்பவர்கள் சமையல்கட்டு பற்றிய பகுதியைத் தாண்டிப் போகலாம்.

கடை யாருடைய எல்லையில் இருக்கிறது?

விலாசத்தில் சென்னை என்று இருப்பதால் அது பெருநகர சென்னை மாநகராட்சி ஆகிவிடாது. குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் என்றால் தாம்பரம் மாநகராட்சி. ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. இன்னும் தள்ளிப் போனால் நகராட்சியோ ஊராட்சியோ வரும். வரி விகிதமும் உரிமக் கட்டணமும் இடத்துக்கு இடம் மாறும். அதனால் வேறு ஏரியாவில் கடை வைத்திருக்கும் நண்பர் கட்டிய தொகையை அப்படியே உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள். சென்னை மாநகராட்சிக்குள்ளேயே 2011 விரிவாக்கத்தில் சேர்ந்த பகுதிகளுக்கும் பழைய நகரப் பகுதிக்கும் சொத்துவரி ஒரே மாதிரி உயரவில்லை.

மண்டலமும் வார்டு எண்ணும் எதுவென்று முதல் நாளே எழுதி வையுங்கள். எல்லா விண்ணப்பத்திலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஓனரிடம் கேட்க வேண்டிய காகிதங்கள்

வாடகை பேசி முடித்த பிறகு கேட்டால் ‘அதெல்லாம் இருக்குங்க, அப்புறம் தரேன்’ என்ற பதில்தான் வரும். பேசும்போதே நகல் கேளுங்கள். தயங்கினால் அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சொத்துவரி ரசீதைப் பாருங்கள். சென்னை மாநகராட்சியின் சொத்துவரி எண் நான்கு துண்டுகளாக இருக்கும்: மண்டலம், வார்டு, பில் எண், துணை எண். அந்த எண்ணை மாநகராட்சி இணையதளத்தில் போட்டால் நிலுவை எவ்வளவு என்று அங்கேயே தெரியும். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று: நிலுவை உண்டா, பயன்பாடு ‘குடியிருப்பு’ என்று இருக்கிறதா ‘வணிகம்’ என்று இருக்கிறதா, பதிவான பரப்பளவு கண்முன்னால் இருக்கும் பரப்பளவோடு ஒத்துப்போகிறதா.

குடியிருப்பு என்று இருந்தால் இன்றைக்கு வரி குறைவாகத் தெரியும். நீங்கள் தொழில் உரிமத்துக்கு விண்ணப்பித்ததும் அந்த இடத்தில் வணிகம் நடப்பது மாநகராட்சியின் கணக்குக்கு வந்துவிடும். அதன் பின் வணிகப் பயன்பாட்டுக்கு மறுமதிப்பீடு. கூடும் வரியை ஓனர் உங்கள் தலையில் வைப்பார். சென்னையில் 1998க்குப் பிறகு 2022ல்தான் சொத்துவரி பொதுத் திருத்தம் நடந்தது. 2024ல் மேலும் 6 சதவீதம் ஏறியது. அந்த அடியை வாங்கிய ஓனர்கள் ‘வரி உயர்வு வாடகைதாரர் பொறுப்பு’ என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்க்காமல் விடுவதில்லை.

ஓனர் வைத்த நிலுவையும் உங்களைப் பாதிக்கும். நிலுவை இருக்கும் கட்டடத்துக்கு உரிமம் வாங்கப் போனால் அங்கேயே தடுக்கிவிடும். நீண்ட நிலுவைக்கு நோட்டீஸ் ஒட்டுவதும் சீல் வைப்பதும் கடை ஷட்டரில்தான்; ஓனர் வீட்டு வாசலில் அல்ல.

அடுத்தது மின் இணைப்பு. புதியவர்கள் அதிகம் அடிபடும் இடம் இது. வீடாக இருந்ததைக் கடையாக மாற்றியிருப்பார்கள். மீட்டர் மட்டும் வீட்டுக் கட்டண வகையிலேயே கிடக்கும். ‘பில் கம்மியா வரும், அப்படியே ஓட்டுங்க’ என்று அன்பாகவே சொல்வார்கள். ஓட்டாதீர்கள். ஒரு வகைக்கு வாங்கிய மின்சாரத்தை வேறு வகைக்குப் பயன்படுத்தினால் 2003 மின்சாரச் சட்டம் 126வது பிரிவு அதை அனுமதியற்ற பயன்பாடு என்கிறது. அந்தக் காலம் முழுமைக்கும் உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கணக்கிடலாம். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் சோதனைக்கு முந்தைய 12 மாதங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வணிகக் கட்டணத்தில் இரண்டு மாத பில் 12,000 ரூபாய் வரக்கூடிய கடை என்று வையுங்கள். வருடத்துக்கு ஆறு பில், 72,000. இரண்டு மடங்கு என்றால் 1,44,000. ஏற்கெனவே கட்டியது கழிந்தாலும் மீதி ஒரே வீச்சில் வந்து விழும். ஆணை ஓனர் பெயருக்கு வரும், பணம் உங்களிடமிருந்து போகும். அப்படி வந்துவிட்டால் முதலில் வருவது தற்காலிக மதிப்பீடுதான். அதற்கு எழுத்தில் ஆட்சேபம் தர உரிமை உண்டு. இறுதி ஆணை வந்த பிறகு மேல்முறையீட்டுக்கு 30 நாள். அதுவும் மதிப்பிட்ட தொகையில் பாதியைக் கட்டினால்தான் எடுத்துக்கொள்வார்கள்.

ஈ.பி. விவரத்தில் இன்னொரு எண்ணையும் பாருங்கள்: அனுமதிக்கப்பட்ட மின்பளு, அதாவது சாங்ஷன் லோடு. வணிக இணைப்பில் நிலைக்கட்டணம் கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் உண்டு. கடையைப் பூட்டி வைத்திருந்தாலும் வரும். முன்பு அங்கே நாலு ஏ.சி. ஓடிய சலூன் இருந்து லோடு 15 கிலோவாட் என்று நிற்கிறது, உங்களுக்கு 6 போதும் என்றால், மீதி 9 கிலோவாட்டுக்கும் சேர்த்து நீங்கள்தான் கட்டுகிறீர்கள். குறைக்க விண்ணப்பியுங்கள். உங்கள் தேவையைக் கணக்கிடுவது எளிது. 1 எச்.பி. என்பது 0.746 கிலோவாட். 2 எச்.பி. மாவு கிரைண்டர் ஏறக்குறைய ஒன்றரை கிலோவாட், ஒன்றரை டன் ஏ.சி.யும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஃப்ரீசர், ஃப்ரிட்ஜ், எக்ஸாஸ்ட், மிக்ஸி, விளக்கு, மின்விசிறி எல்லாவற்றின் முதுகிலும் வாட்ஸ் எழுதியிருக்கும், கூட்டிக்கொள்ளுங்கள். தேவைக்குக் குறைவான லோடில் ஓட்டினாலும் சிக்கல்தான்: வயர் சூடாகும், மீட்டர் போர்டு கருகும், கூடுதல் பளுவுக்குத் தனியாகப் பணம் கேட்பார்கள்.

மூன்றாவது, கட்டட அனுமதியின் வரைபடம். ‘ப்ளூபிரிண்ட் கொடுங்க’ என்று கேட்டாலே புரிந்துகொள்வார்கள். அதில் நீங்கள் எடுக்கும் அறை என்னவென்று வரைந்திருக்கிறது என்று பாருங்கள். சென்னையில் அடிக்கடி நடப்பது இது: தரைத்தளத்தை வண்டி நிறுத்தும் ஸ்டில்ட் என்று காட்டி அனுமதி வாங்கியிருப்பார்கள், பிறகு தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பி, ஷட்டர் மாட்டி, மூன்று கடையாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருப்பார்கள். கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். கடையின் தரை தெரு மட்டத்திலேயே இருக்கும், படிக்கட்டு இருக்காது. மேல்தளங்களைவிடக் கூரை தாழ்ந்திருக்கும். பக்கச்சுவரில் தூண் பாதி துருத்திக்கொண்டு நிற்கும். மாடியில் குடியிருப்பவர்களின் வண்டிகள் எல்லாம் தெருவில் நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் எட்டு லட்சத்துக்கு உள்வேலை செய்வது சரியல்ல, வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

2011 தீபாவளி முடிந்த கையோடு தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் விதிமீறிய கட்டடங்களுக்குச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் சீல் வைத்தது. சீல் விழுவது கட்டடத்துக்கு. உள்ளே வாடகைக்கு இருப்பவர் முறையாக உரிமம் வைத்திருந்தாலும் அவருடைய சரக்கும் சேர்ந்தே உள்ளே மாட்டும்.

வரைபடத்தோடு நிலப்பயன்பாட்டையும் சரிபாருங்கள். குழுமத்தின் முழுமைத் திட்டத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு பயன்பாட்டு வகை உண்டு. முதன்மைக் குடியிருப்பு வகையில் சின்னக் கடைகளுக்கு மட்டும், அதுவும் அளவுக் கட்டுப்பாட்டோடுதான் இடம். மளிகைக்கடை ஓடும் தெரு என்பதால் பெரிய உணவகமும் ஓடும் என்று எண்ண வேண்டாம்.

கடைசியாகக் குடிநீர், கழிவுநீர் இணைப்பு. குடிநீர் வாரியத்தின் அட்டையை வாங்கி இணைப்பு வீட்டு வகையா வணிக வகையா என்று பாருங்கள். வாரியத்தின் வரி, மாநகராட்சி நிர்ணயிக்கும் ஆண்டு மதிப்பை வைத்தே கணக்காகிறது. அதனால் சொத்தின் மதிப்பீடு ஏறினால் இந்தச் செலவும் அதன் பின்னால் ஏறக்கூடும். கழிவுநீர் இணைப்பே இல்லாத இடத்தில் டிபன் கடை வேண்டாம். வாரத்துக்கு எத்தனை முறை லாரி வைத்துக் கழிவுநீர் எடுப்பது என்று கணக்குப் பார்த்தால் வாடகையில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும்.

ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டியவை

வாடகை எந்த நாளிலிருந்து என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். சாவி வாங்கிய நாளிலிருந்து என்று எழுதினால் அனுமதிக்காகக் காத்திருக்கும் காலம் முழுக்க உங்கள் செலவு. 30 முதல் 45 நாள் வாடகையில்லாக் காலம் கேளுங்கள். மின்கட்டண வகை மாறிய பிறகே வாடகை தொடங்கும் என்று எழுத முடிந்தால் இன்னும் நல்லது. எல்லா ஓனரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆறு மாதமாகக் காலியாகக் கிடக்கும் கடையின் ஓனர் ஒத்துக்கொள்வார்.

இப்போதைய அரையாண்டுச் சொத்துவரித் தொகையை ரூபாயில் எழுதுங்கள். அதற்கு மேல் உயர்ந்தால் யார், எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். கட்டடத்தின் மற்ற தளங்களுக்கு வரும் உயர்வு உங்கள் பங்கில் சேரக் கூடாது. ‘வாடகைக்கு விட்ட பரப்பளவுக்கு மட்டும்’ என்ற நான்கு சொற்கள் போதும்.

உரிமம், மின் இணைப்பு, தீயணைப்புத் துறை ஆகிய காரியங்களுக்கு ஓனர் கையெழுத்தும் என்.ஓ.சி.யும் (ஆட்சேபமில்லை என்ற சான்று) கேட்ட 7 நாளுக்குள் தர வேண்டும் என்று ஒரு வரி. ஓனர் வெளிநாட்டில் இருந்தால் இங்கே கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு என்று அந்தப் பத்திரத்தின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டடத்தின் குறையால் அனுமதி மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் முழுதும் திரும்ப வேண்டும் என்று இன்னொரு வரி.

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது பழக்கமாகிவிட்டது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாத நிலையில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ‘வேறு உடன்பாடு’ என்பதுதான் அதன் கதவு. நீங்கள் கையெழுத்திட்டால் பத்து மாதமும் செல்லும். ஆனாலும் பேரம் பேசச் சட்டம் உங்கள் பக்கம் ஒரு எண்ணைத் தந்திருக்கிறது, பயன்படுத்துங்கள். ஒப்பந்தத்தை அந்தச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்து எண் வாங்கிக்கொள்வது பின்னால் அட்வான்ஸ் தகராறு வரும்போது காப்பாற்றும்.

விண்ணப்பங்கள்: எது முதலில்?

தாமதத்தின் விலையை முதலில் பாருங்கள். வாடகை மாதம் 35,000. சமையல்காரர் கைவிட்டுப் போகக் கூடாதென்று இரண்டு பேருக்கு 15,000 வீதம் சம்பளம். இரண்டு மாதம் கடை திறக்காமல் நின்றால் 1,30,000. கடன் வட்டி சேர்க்காத கணக்கு இது. எந்த உரிமத்தின் கட்டணமும் இதன் அருகில் வராது. ஆகவே ஒன்று முடிந்த பிறகு அடுத்தது என்று போகாமல், சேர்ந்து போகக்கூடியதைச் சேர்த்தே போடுங்கள்.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் மின்கட்டண வகை மாற்றம். ஓனர் கையெழுத்து தேவைப்படுவதால் அவர் மனம் குளிர்ந்திருக்கும் முதல் வாரத்திலேயே போடுங்கள். அதே வாரத்தில் தொழில்வரிப் பதிவு, உணவுப் பாதுகாப்புப் பதிவு அல்லது உரிமம் இரண்டையும் தொடங்கலாம். உணவுப் பாதுகாப்பு என்பது மாநகராட்சியின் வேலை அல்ல, தனித் துறை. விற்றுமுதலைப் பொறுத்து வெறும் பதிவு போதுமா, உரிமம் வேண்டுமா என்று மாறும். கிடைக்கும் 14 இலக்க எண்ணைக் கடையில் மாட்டினால் மட்டும் போதாது, 2022 ஜனவரி முதல் பில்லிலும் அச்சிட வேண்டும். பில் புத்தகம் அடிக்கும் முன் இதை நினைவில் வையுங்கள். ஆயிரம் பில் அடித்த பிறகு ரப்பர் ஸ்டாம்ப் தேடுபவர்கள் நிறைய.

அடுத்து மாநகராட்சியின் தொழில் உரிமம். இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். வாடகை ஒப்பந்தம், சொத்துவரி ரசீது, தொழில்வரி ரசீது, அடையாளச் சான்று, உணவுப் பாதுகாப்பு எண், தேவைப்படும் இடத்தில் தீயணைப்புத் துறையின் சான்று ஆகியவற்றைத் தயாராக ஸ்கேன் செய்து வையுங்கள். கட்டணம் தொழில் வகையையும் பரப்பளவையும் பொறுத்தது. தொழில் வகையைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். டிபன் கடையோடு ஜூஸ், பேக்கரிப் பொருள் விற்பதாக இருந்தால் எல்லாவற்றையும் இப்போதே சேருங்கள். ஆய்வுக்கு வருபவர் உரிமத்தில் இல்லாத ஜூஸ் மிக்ஸியைப் பார்த்தால் பிறகு திருத்தத்துக்கு இன்னொரு சுற்று.

விண்ணப்பம் திரும்பி வரும் காரணங்களில் பாதி மிக அற்பமானவை. சென்னையில் ஒரே கதவுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு. ஒப்பந்தத்தில் புதிய எண், ஈ.பி. அட்டையில் பழைய எண், சொத்துவரி ரசீதில் இரண்டும் இல்லாமல் ப்ளாட் எண் என்று இருந்தால், இவை மூன்றும் ஒரே இடம்தான் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. ஒப்பந்தத்திலேயே ‘பழைய எண் இது, புதிய எண் இது, சொத்துவரி எண் இது, மின் இணைப்பு எண் இது’ என்று நாலையும் ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். அப்படியே பெயரும்: இனிஷியல் ஒரு காகிதத்தில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருக்கக் கூடாது. ஒப்பந்தம் அப்பா பெயரில், ஜி.எஸ்.டி. மகன் பெயரில் என்றால் கட்டாயம் திரும்பி வரும்.

இடைத்தரகர் வைப்பதும் வைக்காததும் உங்கள் நேரத்தைப் பொறுத்தது. வைத்தால் விண்ணப்பத்தில் உங்கள் செல்போன் எண்ணையும் உங்கள் மின்னஞ்சலையும் போடச் சொல்லுங்கள். தரகர் எண் போனால் புதுப்பிக்கும் ஓ.டி.பி. ஆண்டுதோறும் அவருக்குத்தான் போகும், கட்டணமும் அவர் சொல்வதுதான். அரசுக் கட்டணத்தை நீங்களே இணையத்தில் கட்டி ரசீதை இறக்கிக்கொள்ளுங்கள்.

தொழில்வரி: எல்லோரும் தப்பாகப் போடும் கணக்கு

தொழில்வரி அட்டவணையில் இருப்பது ஆறு மாத வருமானம். மாதச் சம்பளம் என்று எண்ணி ‘நம்ம பசங்களுக்கு 15,000தான், வரியே கிடையாது’ என்று விட்டுவிடுகிறார்கள். மாதம் 15,000 என்றால் அரையாண்டுக்கு 90,000, அதாவது மேல்மட்ட விகிதம்.

சென்னையில் 2024ல் திருத்திய விகிதப்படி அரையாண்டு வருமானம் 21,000 வரை வரி இல்லை. 21,001 முதல் 30,000 வரை 180 ரூபாய், 45,000 வரை 425, 60,000 வரை 930, 75,000 வரை 1,025, அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் 1,250. அரசியல் சட்டத்தின் 276வது பிரிவு ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500க்கு மேல் தொழில்வரி கூடாது என்கிறது. அதனால்தான் உச்சி அங்கே நிற்கிறது.

மாதம் 10,000 வாங்கும் உதவியாளருக்கு அரையாண்டு 60,000, வரி 930. 12,000 வாங்குபவருக்கு 1,025. 15,000 வாங்கும் சமையல்காரருக்கு 1,250. பிடித்துக் கட்டுவது முதலாளி பொறுப்பு. மாதாமாதம் இருநூறு சொச்சம் பிடித்து வந்தால் தெரியாது. செப்டம்பர் கடைசியில் ஒரேயடியாக 1,250 பிடித்தால் ஆள் மறுநாள் வர மாட்டார். பிடிக்காமல் விட்டால் உங்கள் கையிலிருந்து போகும். வேலைக்குச் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள், சம்பளச் சீட்டிலும் எழுதுங்கள்.

சமையல்கட்டு, சாக்கடை, குப்பை

டிபன் கடைக்கு எதிரான புகார்களில் பெரும்பாலானவை புகை, எண்ணெய், கழிவுநீர் என்ற மூன்றிலிருந்து வருகின்றன. புகார் கொடுப்பவர் மாடியில் குடியிருப்பவர். எக்ஸாஸ்ட் குழாயைப் பக்கத்து ஜன்னல் மட்டத்தில் முடித்தால் 3,000 ரூபாய் மிச்சம். மாடிக்கு மேல் ஏற்றினால் அந்தப் புகாரே வராது. ஏற்றுங்கள்.

பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் நடுவே எண்ணெய் பிரிக்கும் தொட்டி ஒன்று வையுங்கள். சூடாக ஓடும் எண்ணெய் குழாய்க்குள் போய் ஆறியதும் கட்டியாகி ஒட்டும். அதில் சாதம் சிக்கும், மூன்றாம் மாதம் தெருவிலுள்ள சாக்கடை மூடி வழியே பொங்கும். தொட்டியில் தண்ணீர் நின்று நிதானமாக ஓடினால் எண்ணெய் மேலே மிதக்கும். அதை வாரம் இருமுறை அள்ள வேண்டும். அள்ளாத தொட்டி இருந்தும் பயனில்லை. தெருவோர மழைநீர் வடிகாலில் கழிவுநீரைத் திருப்பிவிடுவது மட்டும் கூடவே கூடாது. மாநகராட்சி அபராதம் போட்டு இணைப்பை அடைக்கும் விஷயம் அது. மழைக்காலத்தில் அந்த வடிகால் நிரம்பினால் அழுக்குத் தண்ணீர் முதலில் ஏறுவதும் உங்கள் கடைக்குள்தான்.

பொரித்த எண்ணெயில் மொத்த துருவச் சேர்மங்கள் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது உருவாகும் சிதைவுப் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் மறுபடி பயன்படுத்தக் கூடாது. அதைச் சேகரிப்பவர்கள் விலை கொடுத்தே வாங்கிப்போகிறார்கள். ரசீது வாங்கி வையுங்கள். சிலிண்டர் 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான். வீட்டுச் சிலிண்டர் பிடிபட்டால் பறிமுதல், வழக்கு.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. பார்சல் செலவை அதற்கேற்ப எழுதுங்கள். மாற்றுப் பொருளால் பார்சலுக்கு 3 ரூபாய் கூடுகிறது, நாளுக்கு 100 பார்சல், மாதம் 26 நாள் என்றால் 7,800 ரூபாய். இதை விலைப்பட்டியலில் சேர்க்காமல் திறந்துவிட்டு, மூன்று மாதம் கழித்து விலை ஏற்றினால் வாடிக்கையாளர் முகம் மாறும். பாத்திரம் கொண்டுவருபவருக்கு 3 ரூபாய் குறைத்துக் கொடுங்கள்.

குப்பையை ஈரம், உலர் என்று பிரித்தே தர வேண்டும். நாளுக்கு 100 கிலோவைத் தாண்டினால் நீங்கள் பெருமளவு குப்பை உருவாக்குபவர் கணக்கில் வருவீர்கள், அகற்றும் பொறுப்பும் செலவும் உங்களுடையது. சின்ன டிபன் கடைக்கு அது வராது. கேட்டரிங் சேர்த்தால் எடை போட்டுப் பாருங்கள்.

கடை முகப்பு

பெயர்ப்பலகையில் தமிழ் முதலில், பெரிதாக. மற்ற மொழி சேர்த்தால் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில். டிசைன் முடிவதற்குள் இதைப் பலகை செய்பவரிடம் சொல்லுங்கள். எரியும் எழுத்துப் பலகையை மறுபடி செய்வது சின்னச் செலவல்ல.

படி, சாய்தளம், ஜெனரேட்டர், அடுப்பு, மெனு ஸ்டாண்டு எதுவும் நடைபாதைக்கு இறங்கக் கூடாது. ஷட்டர் கோட்டோடு உங்கள் இடம் முடிகிறது என்று வைத்தே இருக்கைகளை எண்ணுங்கள். வெளியே போடும் நாலு மேசையை நம்பி வருமானக் கணக்கு எழுதியவர், ஆக்கிரமிப்பு அகற்றும் நாளில் வருமானத்தில் கால்வாசியை இழக்கிறார்.

கிலோக் கணக்கில் விற்றால் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை. வேலையாட்களுக்கு உட்கார இருக்கை வைப்பது 2021 திருத்தத்துக்குப் பிறகு சட்டப்படி கட்டாயம். சட்டம் இல்லாவிட்டாலும் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் காலுக்கு அது வேண்டும்.

ஆண்டின் தேதிகள்

அரையாண்டு என்றால் ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச். சொத்துவரியை ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தவறினால் மாதம் 1 சதவீதம் வட்டி. ஒப்பந்தப்படி வரி உங்கள் பொறுப்பென்றால் அந்தச் சலுகையும் உங்களுக்கே. தொழில்வரியை ஒவ்வொரு அரையாண்டும் முடிவதற்குள் கட்டுங்கள். தொழில் உரிமம் மார்ச் 31க்கு முன் புதுப்பிப்பு; கடைசி வாரத்தில் இணையதளம் திணறும், பிப்ரவரியிலேயே முடியுங்கள். உணவு உரிமம், தராசு முத்திரை, தீயணைப்பான் நிரப்புதல் மூன்றுக்கும் முடியும் நாள் வேறு வேறு. கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டும் தினசரிக் காலண்டரில் ஜனவரி முதல் நாளே சிவப்பு மையில் குறித்துவிடுங்கள்.

மாதச் செலவுக் கணக்கில் இவற்றைத் தனித்தனித் தலைப்பாக வைக்காமல், ஆண்டு மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்து மாதாமாதம் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். இல்லையென்றால் வியாபாரம் மந்தமாகும் மாதத்தில்தான் புதுப்பிப்பும் வந்து நிற்கும்.

ஆய்வுக்கு வரும்போது

சுகாதார ஆய்வாளர், உரிம ஆய்வாளர், உணவுப் பாதுகாப்பு அலுவலர், மின்வாரியம், தொழிலாளர் துறை என்று வருபவர்கள் வேறு வேறு துறை. எந்தத் துறை, எந்த நோட்டீஸ் எண், எந்த விதி என்று பணிவாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எல்லா ரசீது, உரிம நகலும் ஒரே ஃபைலில் கல்லாவுக்குக் கீழேயே இருக்கட்டும். நீங்கள் இல்லாத நேரத்தில் கல்லாவில் இருக்கும் பையனுக்கும் அது எங்கே என்று தெரிய வேண்டும். அபராதம் என்றால் ரசீது இல்லாமல் பணம் தராதீர்கள். நோட்டீஸுக்கு வாய்வார்த்தைப் பதில் போதாது. எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். சென்னை மாநகராட்சி சம்பந்தப்பட்ட புகாருக்கு 1913 என்ற தொலைபேசி எண். விண்ணப்பம் காரணமில்லாமல் கிடந்தால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ‘இப்போது யார் மேசையில், எந்தத் தேதியிலிருந்து’ என்று கேளுங்கள்.

கடையை மூடும்போதும், இடம் மாற்றும்போதும்

உரிமம் அந்த இடத்துக்கும் அந்தப் பெயருக்கும் கொடுத்தது. பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் புதிது வேண்டும். மூடுவதாக இருந்தால் தொழில் உரிமத்தையும் தொழில்வரிப் பதிவையும் முடித்துவைக்க எழுத்தில் கொடுங்கள். கொடுக்காவிட்டால் கணக்கு உங்கள் பெயரில் ஏறிக்கொண்டே இருக்கும். லோடு அதிகரித்திருந்தால் குறைப்பதா அப்படியே விடுவதா என்று ஓனரிடம் எழுதி வாங்குங்கள், டெபாசிட் நீங்கள் கட்டியதென்றால் அந்த ரசீதையும் காட்டுங்கள். சாவி கொடுக்கும் அன்று மீட்டர் ரீடிங்கைத் தேதியோடு படம் எடுத்து, ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அட்வான்ஸ் கையில் வந்த பிறகு ஷட்டர் சாவியைக் கொடுங்கள்.